சாமி கும்பிடாதவருக்கு மெய்சிலிர்க்குமா?

தஞ்சாவூர்ப் பக்கம் இந்த வாக்குவாதம் புதிதல்ல. கருப்புச் சட்டைக்காரர் ஒருவர் பெரிய கோயிலுக்குள் வருகிறார். வெளியூர் உறவினரைச் சுற்றிக் காட்ட வந்திருப்பார், அல்லது பேரப்பிள்ளைகளை. விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேச்சில்லாமல் நிற்கிறார். கூட வந்தவர் விடமாட்டார்: "அண்ணே, வாயாலதான் இல்லேங்கறீங்க. உள்ளுக்குள்ள பக்தி இருக்கு. இல்லேன்னா இப்படி நிப்பீங்களா?" அவரும் சிரித்துக்கொண்டே, "கட்டுனவன நெனச்சு நிக்கிறேன் தம்பி" என்பார். இரண்டு பேரும் தாமே ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு டீ குடிக்கப் போவார்கள்.

2013-இல் இதே சச்சரவு அமெரிக்கத் தொலைக்காட்சியில் நடந்தது. கியூபாவிலிருந்து புளோரிடா வரை, சுறாக் கூண்டின் பாதுகாப்பு இல்லாமல், 64 வயதில் கடலை நீந்தி வந்த டயானா நையாட், ஓப்ரா வின்ஃப்ரேயின் நிகழ்ச்சியில் பேசினார். தான் நாத்திகர் என்றார். ஆனாலும் எந்தப் பக்தரோடும் கடற்கரையில் நின்று இந்த அண்டத்தின் அழகுக்காகத் தன்னால் அழ முடியும் என்றார். ஓப்ராவின் பதில்: அப்படியானால் உங்களை நாத்திகர் என்று நான் சொல்லமாட்டேன். வியப்பையும் மர்மத்தையும் நம்பினால் அதுதானே கடவுள்!

சாமர்த்தியமான பதில்தான். வியப்பையே கடவுள் என்று முதலில் வரையறுத்துவிட்டால், வியக்கத் தெரிந்த எவரும் நாத்திகராக இருக்க முடியாது. நாத்திகர் என்று மிஞ்சுகிறவர் கல்நெஞ்சுக்காரராகத்தான் இருந்தாக வேண்டும். வழக்கு விசாரணைக்கு வரும் முன்பே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. கேட்டுப் பார்த்தால் வேறு விதமாகத் தெரிகிறது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2007-இல் கேட்டபோது, வாரம் ஒரு முறையாவது அண்டத்தை நினைத்து ஆழ்ந்த வியப்பு கொள்வதாகச் சொன்ன நாத்திகர்கள் 37 சதவீதம். 2014-இல் அது 54 சதவீதம். அமெரிக்கக் கணக்கு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நியாயம். ஊருக்கே வருவோம்.

தேவாரம் பாடிய தலங்களில் காவிரியின் வடகரையில் 63, தென்கரையில் 127 என்று கணக்குச் சொல்வார்கள். அதே மண்ணில், திருவாரூர் வட்டாரத்து விடயபுரத்தில் 1967-இல் பெரியார் அமைத்த வாசகம்தான் "கடவுள் இல்லை, கடவுள் இல்லை, கடவுள் இல்லவே இல்லை" என்பது. இன்றைக்கு ஊர் ஊராகச் சிலை பீடங்களில் பொறித்திருக்கும் அந்த வரி, கோபுர நிழலில் பிறந்தது. இதெல்லாம் இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு என்றும் நினைக்க வேண்டாம். காவிரிப்பூம்பட்டினத்தில் கதை தொடங்கும் மணிமேகலையில், சமயவாதிகள் ஒவ்வொருவராகத் தங்கள் கொள்கையைச் சொல்லும் இடத்தில் பூதவாதி ஒருவன் வருகிறான். பூவையும் கருப்பட்டியையும் கூட்டினால் கள்ளில் போதை பிறப்பதுபோல, நிலம், நீர் முதலான பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கிறது, பிரிந்தால் போய்விடுகிறது, அவ்வளவுதான் என்கிறான். மணிமேகலை அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். சிரித்தாலும், அவனுக்குப் பேச இடம் கொடுத்திருக்கிறார் சாத்தனார்.

ஆகவே காவிரிக் கரையில் நாத்திகர் இருப்பதில் ஆச்சரியமில்லை. அவருக்கு ஆச்சரியம் வருமா என்பதுதான் கேள்வி. என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: சிலிர்ப்பு முதலில் வருகிறது, சாமி அதற்குப் பிறகு நாம் தரும் விளக்கம். அந்த விளக்கம் அற்பமானது என்று சொல்லவில்லை. சிலிர்ப்பு அடங்கிய பின் மனிதர் என்ன செய்கிறார் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. ஆனால் விளக்கம் வைத்திருப்பவர், உணர்ச்சிக்கும் பட்டா கேட்க முடியாது.

உடம்பிலிருந்து தொடங்கலாம். ஒவ்வொரு மயிர்க்காலின் அடியிலும் மெல்லிய தசை ஒன்று இருக்கிறது. நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத பரிவு நரம்பு மண்டலம் அதைச் சுருக்கும்போது முடி நட்டுக்கொள்கிறது. குளிரிலும் பயத்திலும் நடப்பது இதுதான். நாயைக் கண்ட பூனை உடம்பைச் சிலுப்பிக்கொள்வதும் இதே ஏற்பாடு. டி. என். ராஜரத்தினம் பிள்ளை நாதஸ்வரத்தில் வாசித்த தோடி ராகத்தைக் கேட்கும்போது முழங்கையில் முடி எழுவதும் இதேதான். 2001-இல் மாண்ட்ரியலில் ஆன் பிளட், ராபர்ட் ஸடோர் என்ற இருவர், இசை கேட்டுச் சிலிர்ப்பவர்களின் மூளையைப் படமெடுத்தார்கள். பசிக்கும் காமத்துக்கும் விழித்துக்கொள்ளும் பகுதிகளே அப்போதும் விழித்துக்கொண்டன. அந்தப் பகுதிகள் கேட்பவர் நெற்றியில் திருநீறு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. நாதஸ்வரம் கோயில் வாத்தியம், தோடி சாமி புறப்பாட்டில் வாசித்தது, எல்லாம் சரி. கேட்கிற காது எவருடையதாகவும் இருக்கலாம்.

உளவியலில் இந்த உணர்ச்சியைத் தனியாக எடுத்து ஆராய்வதற்கு வழி திறந்தது 2003-இல் டேக்கர் கெல்ட்னர், ஜானத்தன் ஹைட் இருவரும் எழுதிய கட்டுரை. அவர்கள் இரண்டு நிபந்தனை சொன்னார்கள். முதலாவது, எதிரே இருப்பது நம்மைவிட மிகப் பெரிதாக இருக்க வேண்டும். உருவத்தில்தான் என்றில்லை, ஆற்றலில், அறிவில், புகழில் பெரிதாக இருந்தாலும் சரி. இரண்டாவது, நம் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் அளவுகோலுக்குள் அது அடங்கக் கூடாது. அதற்காக மனம் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

இதைப் படித்த எந்தத் தமிழாசிரியருக்கும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நினைவுக்கு வரும். "புதுமை பெருமை சிறுமை ஆக்கமொடு மதிமை சாலா மருட்கை நான்கே." இதுவரை காணாதது, மிகப் பெரிது, மிக நுண்ணிது, ஒன்று இன்னொன்றாக மாறுவது: இந்த நான்கிலிருந்து வியப்பு பிறக்கும். கூடவே ஒரு நிபந்தனை: அறிவு அதற்குப் போதாமல் நிற்க வேண்டும். கெல்ட்னரும் ஹைட்டும் சொன்ன இரண்டுமே இந்த ஒரு வரிக்குள் இருக்கின்றன. பெருமையோடு சிறுமையையும் சேர்த்த வகையில் தொல்காப்பியர் ஒரு படி மேலே என்று எனக்குத் தோன்றும்.

இதைவிட எனக்குச் சுவையானது அடுத்த சூத்திரம். அச்சம் எதிலிருந்து பிறக்கும் என்று அது சொல்கிறது: "அணங்கே விலங்கே கள்வர்தம் இறை." அணங்கு, கொடிய விலங்கு, திருடர், அரசன். மனிதரை வருத்தும் தெய்வசக்தியை அச்சக் கணக்கில் எழுதிவிட்டார். வியப்புக் கணக்கில் அதற்குத் தனி வரியே இல்லை. இதை வைத்துத் தொல்காப்பியரைக் கருப்புச் சட்டைக்குள் திணிக்க யாரும் கிளம்ப வேண்டாம். மாயோனையும் சேயோனையும் நிலத்துக்கு நிலம் வைத்தவரும் அவர்தான். ஆனால் இலக்கணக்காரர் கண்ணால் பார்க்கும்போது, வியப்புக்குக் காரணம் சொல்லத் தெய்வம் அவருக்குத் தேவைப்படவில்லை.

பெருமை என்ற காரணத்துக்குப் பெரிய கோயிலைவிட நல்ல சாட்சி வேண்டுமா? சுமார் 60 மீட்டர் உயரம். வழிகாட்டிகள் கணக்கில் 216 அடி. முழுக்கக் கருங்கல். தஞ்சாவூர் வண்டல் பூமி, அம்மிக்குக்கூட வெளியூரிலிருந்துதான் கல் வர வேண்டும். அத்தனை கல்லையும் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்துப் பாறைகளிலிருந்து கொண்டுவந்து, உள்ளே கூடாக விட்டு, அடுக்கடுக்காக ஏற்றியிருக்கிறார்கள். தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில், அதாவது 1010-இல், விமான உச்சியில் வைக்கச் செப்புக் குடத்தை ராஜராஜன் கொடுத்தான் என்று கல்வெட்டு நாள் குறித்து வைத்திருக்கிறது.

இங்கே நிழல் கீழே விழாது என்றொரு கதை உண்டு. உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்பது இன்னொன்று. நிழல் விழுகிறது; சாயங்காலம் போய் நின்றால் யாரும் பார்க்கலாம். உச்சிக்கல் ஒன்றல்ல, பல கற்களைச் சேர்த்துப் பொருத்தியது. உண்மை தெரிந்தால் வியப்பு போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். ஒரே கல் என்றால் "எப்படியோ ஏற்றிவிட்டான்" என்று வாயைப் பிளந்துவிட்டு வந்துவிடலாம். பல கல் என்றால், அத்தனை உயரத்தில், இயந்திரம் எதுவும் இல்லாத காலத்தில், ஒவ்வொன்றையும் வளைவு பிசகாமல் செதுக்கிப் பொருத்திய கை யாருடையது என்ற கேள்வி எழுகிறது. அதற்குப் பதிலும் கல்வெட்டிலேயே கிடைக்கிறது: குஞ்சரமல்லன் இராஜராஜப் பெருந்தச்சன். எனக்கென்னவோ கட்டுக்கதையைவிட இந்தப் பெயர்தான் அதிகம் சிலிர்க்க வைக்கிறது.

சரி, பெரிய கோயிலை விட்டுவிட்டுக் கும்பகோணம் போவோம். பக்தரும் நாத்திகரும் ஒரே பொருளைப் பார்த்து ஒரே அளவு திகைத்ததற்கு, உலகத்திலேயே தெளிவான ஆவணம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சாரங்கபாணி சந்நிதித் தெருவில் வளர்ந்த ராமானுஜன், டவுன் ஹைஸ்கூல் மாணவர். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனிக்காததால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தவர். நாமக்கல் நாமகிரித் தாயார்தான் தனக்குக் கணக்கை அருளுகிறாள் என்று நம்பினார்; கனவில் வந்து காட்டியதாக நண்பர்களிடம் சொல்லியிருக்கிறார். 1913 ஜனவரி 16 தேதியிட்டு, சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவு எழுத்தராக இருந்தபடி, கேம்பிரிட்ஜில் இருந்த ஜி. எச். ஹார்டிக்குக் கடிதம் போட்டார். பக்கம் பக்கமாகத் தேற்றங்கள், பெரும்பாலும் நிரூபணமே இல்லாமல்.

ஹார்டி சாதாரண நாத்திகர் அல்லர். கல்லூரித் தேவாலயத்துக்குள் கடமைக்காகக்கூடக் காலெடுத்து வைக்க மறுத்தவர். கடவுளைத் தன் தனிப்பட்ட எதிரிபோலப் பாவித்து விளையாடுகிறவர். ஒருமுறை கொந்தளிக்கும் வடகடலில் படகேறும் முன், கணிதத்தில் இன்னும் யாரும் தீர்க்காத புதிரான ரீமான் கருதுகோளை நிரூபித்துவிட்டேன் என்று நண்பருக்குத் தபால் அட்டை அனுப்பிவிட்டுக் கிளம்பினார். தான் மூழ்கிச் செத்தால் அந்தப் பொய்ப் புகழ் நிலைத்துவிடும். தன்மேல் அவ்வளவு கருணை கடவுளுக்கு இருக்காது. ஆகவே படகு மூழ்காது என்பது கணக்கு!

இந்த மனிதர் ராமானுஜனின் தொடர்பின்னச் சூத்திரங்கள் சிலவற்றைப் பார்த்துவிட்டு, இவை என்னை முற்றிலும் தோற்கடித்துவிட்டன, இதுபோல எதையும் நான் அதற்கு முன் கண்டதே இல்லை என்று எழுதினார். இவை உண்மையாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் உண்மையில்லை என்றால் இவற்றைக் கற்பனை செய்யும் ஆற்றல் யாருக்கும் இருக்க முடியாது என்பது அவர் வாக்கியம். புதுமை, மதிமை சாலாமை இரண்டும் இதில் இருக்கின்றன. ராமானுஜனோடு பழகியதைத் தன் வாழ்வின் ஒரே காதல் நிகழ்ச்சிபோலச் சொன்னவரும் ஹார்டிதான்.

இருவரும் பார்த்தது ஒரே காகிதம். ஒருவருக்கு அது தாயார் தந்தது. மற்றவருக்கு, மனித மனம் எட்டிப் பிடித்த உண்மை. யாருடைய திகைப்பு உசத்தி என்று அளக்க எந்தக் கோலும் கிடையாது. நாமகிரித் தாயாரை எடுத்துவிட்டால் ராமானுஜனுக்கு அந்தக் கணிதம் அப்படியே வந்திருக்குமா என்று கேட்டால், அது வேறு கேள்வி, கடினமான கேள்வியும்கூட. அதைத் திறப்பதில் நாத்திகர்களுக்கு ஆர்வம் குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதே ஆற்றங்கரையோடு தொடர்புள்ள இன்னொருவர் எஸ். சந்திரசேகர். அவருடைய சித்தப்பா சி. வி. ராமன் பிறந்தது காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் திருவானைக்காவலில், 1888-இல். 1983-இல் நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர் தன்னை நாத்திகர் என்றே சொல்லிக்கொண்டவர். கருந்துளைகளுக்கு ராய் கெர் கண்ட கணிதத் தீர்வு, அண்டத்தில் இருக்கும் எண்ணற்ற கருந்துளைகளை அச்சு அசலாக வருணிக்கிறது என்று உணர்ந்ததே, தன் 45 ஆண்டு அறிவியல் வாழ்க்கையில் தன்னை மிகவும் உலுக்கிய அனுபவம் என்று 1975-இல் பேசினார். அழகின் முன் நடுங்குதல் என்று அதற்குப் பெயர் வைத்தார். கோயில் வாசலில் ஒருவர் சொன்னால் பக்தி என்று எடுத்துக்கொள்வோம். சொன்னவர் பார்த்தது ஒரு சமன்பாட்டை.

இனி எதிர்த்தரப்பின் வலுவான வாதங்கள். முதலாவது ஆய்வுக்கூடத்திலிருந்தே வருகிறது. 2014-இல் பியர்கார்லோ வால்டெசோலோவும் ஜெஸ்ஸி கிரஹாமும், இயற்கையின் பிரம்மாண்டத்தைக் காட்டும் காணொளியைச் சிலருக்குப் போட்டுக் காட்டினார்கள். பார்த்தவர்கள், இந்த உலகத்தை ஏதோ ஒரு சக்தி நடத்துகிறது என்ற எண்ணத்தின் பக்கம் சற்றுச் சாய்ந்தார்கள். குருட்டாம்போக்கில் வரிசையிட்ட எண்களில்கூட யாரோ திட்டமிட்ட ஒழுங்கைக் கண்டார்கள். அளவுகோல் உடைந்ததும் மனம் பதறி, யாராவது இதற்குப் பொறுப்பாளர் இருக்கிறாரா என்று தேடுகிறது. ஆக, வியப்பிலிருந்து சாமிக்குப் போகும் பாதை இயற்கையாகவே சரிவானது. பின்னர் வால்டெசோலோ குழுவினரே செய்த இன்னொரு ஆய்வில், நம்பிக்கையில்லாதவர்கள் அதே வியப்பிலிருந்து, உலகில் ஒழுங்கு இருக்கிறது என்று காட்டும் அறிவியல் விளக்கங்களின் பக்கம் சாய்ந்தார்கள். இரு தரப்புக்கும் காலடி மண் நழுவுகிறது. அவரவர் பழகிய படித்துறையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது வாதம் டார்வினுடையது. பிரேசில் காட்டின் நடுவே நின்றபோது, மனிதனிடம் உடலின் மூச்சுக்கு மேல் ஏதோ இருக்கிறது என்று இளவயதில் அவருக்குத் தோன்றியது. நம்பிக்கை போன பிறகு தன் வரலாற்றை எழுதும்போது, இப்போது எவ்வளவு மகத்தான காட்சியைக் கண்டாலும் அப்படித் தோன்றாது, நான் நிறக்குருடானவன் மாதிரி என்று எழுதினார். ஓர் இழப்பை மறைக்காமல் எழுதிய வாக்கியம் அது. ஃபிராய்டும் அப்படித்தான். பிரெஞ்சு எழுத்தாளர் ரொமெய்ன் ரோலண்ட் 1927-இல் அவருக்குக் கடிதம் எழுதி, எல்லையற்ற கடலில் கரைவதுபோன்ற ஓர் உணர்வுதான் சமயங்களின் ஊற்று என்றபோது, அந்த உணர்வை என்னிடம் காணோமே என்று பதில் சொன்னார். எல்லா நாத்திகருக்கும் எல்லாச் சிலிர்ப்பும் கிடைக்கும் என்று அடித்துப் பேச முடியாது. ஆனால் கோயிலுக்கு வருகிற எல்லாருக்கும் கிடைக்கிறதா? அர்ச்சனைச் சீட்டு வரிசையில் நின்று செல்போன் பார்க்கிறவர்களை நாம் பார்த்ததில்லையா?

ஆழமான வாதம் ஜெர்மன் இறையியலாளர் ருடால்ஃப் ஓட்டோ 1917-இல் முன்வைத்தது. பக்தர் அடைவது வெறும் வியப்பில்லை, நடுக்கமும் ஈர்ப்பும் கலந்த ஒன்று, படைக்கப்பட்ட உயிர் தன்னைப் படைத்ததன் முன் ஒன்றுமில்லாமல் போகும் உணர்வு என்றார் அவர். இதில் உண்மை இருக்கிறது. சிதம்பரத்தில் திரை விலகும்போது கன்னத்தில் போட்டுக்கொள்கிற கிழவி, தான் பார்ப்பதாக மட்டும் நினைக்கவில்லை. தன்னையும் ஒருவர் பார்ப்பதாக நினைக்கிறாள். அந்தப் பார்வை நாத்திகருக்குக் கிடையாது. கெர் சமன்பாடு சந்திரசேகரைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டும் ஒன்றேதான் என்று சமாதானம் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை. சிலிர்ப்பு பொது, அதற்குள் இருக்கும் உறவு பொதுவில்லை.

நடுக்கம் என்றதும் கடற்கரைக்குப் போகாமல் இருக்க முடியாது. 2004 டிசம்பர் 26 காலை, சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் பிளந்து எழுந்த அலை, நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் கொண்டுபோனது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்பதால் வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்ரீகர்களும் அதில் போனார்கள். அந்த அலையும் "மிகப் பெரிது, அறிவுக்குள் அடங்காதது" என்ற வரையறைக்குள் வருகிறதே! கெல்ட்னர், ஹைட் இருவரும் இதை ஒத்துக்கொண்டு, அச்சம் கலந்த வகை ஒன்றையும் தங்கள் கட்டுரையில் சேர்த்திருக்கிறார்கள். தொல்காப்பியர் இரண்டையும் தனித்தனிச் சூத்திரத்தில் வைத்தார். வாழ்க்கை அவ்வளவு சுத்தமாகப் பிரித்து வைப்பதில்லை. கண்டத்தட்டு எப்படி நகர்ந்தது என்று தெரிந்துகொண்டவருக்கும் அந்தக் கரையில் நின்றால் வயிற்றைப் பிசையும். "ஏன் எங்களை?" என்ற கேள்விக்கு மட்டும் அவர் கடவுளிடம் பதில் கேட்டு மன்றாட வேண்டியதில்லை. அது ஆறுதலா, அனாதைத்தனமா என்பது ஆளைப் பொறுத்தது.

இதுவரை தனியாள் கதை. டெல்டாவில் மெய்சிலிர்ப்பு பெரும்பாலும் கும்பலாகத்தான் நடக்கும். 96 அடி உயரம், அலங்காரத்தோடு 300 டன் என்று சொல்லப்படும் திருவாரூர் ஆழித்தேர் மூலை திரும்புவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆயிரக்கணக்கான பேர் வடம் பிடித்து இழுக்க, கீழே சக்கரத்தோடு சக்கரமாக ஓடி முட்டுக்கட்டை போடுகிறவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை செய்ய, "ஆரூரா! தியாகேசா!" என்று எழும் குரலில் நெஞ்செலும்பே அதிரும். பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் டர்கெய்ம் 1912-இல் இதைத்தான் எழுதினார்: கூட்டம் கூடி ஒரே அசைவில் இயங்கும்போது எழும் கொதிப்பை மனிதர் தமக்கு வெளியே இருக்கும் சக்தி என்று எடுத்துக்கொள்கிறார்கள், உண்மையில் அது அவர்களுடைய சமூகத்தின் சக்திதான். டர்கெய்ம் சொன்னதற்கு நம்மூர் அடிக்குறிப்பு ஒன்று உண்டு. பல ஆண்டுகள் ஓடாமல் நின்றுபோன அந்தத் தேரை 1970-இல் மீண்டும் ஓட வைத்ததில் முன்நின்றவர், பக்கத்துத் திருக்குவளையில் பிறந்த பகுத்தறிவுக்காரரான முதலமைச்சர் கருணாநிதி. ஓட்டுக் கணக்கு என்பார்கள். இருக்கலாம். "திருவாரூர் தேரழகு" என்று பழமொழி கேட்டு வளர்ந்தவருக்குத் தேர்மேல் ஆசை இருக்க வேறு காரணம் வேண்டுமா?

சாமியே இல்லாத கூட்டமும் இங்கே உண்டு. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் போராட்டத்தின் முடிவில், கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 தலித் மக்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், எரிக்கப்பட்டார்கள். குற்றம்சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை 1973-இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. ஆண்டுதோறும் அதே நாளில் செங்கொடியோடு மக்கள் அங்கே வருகிறார்கள். முஷ்டி உயர்த்தி, "வீரவணக்கம்" என்று முழங்குகிறார்கள். பூசாரி இல்லை, தீபாராதனை இல்லை, மறுபிறப்பு வாக்குறுதி இல்லை. தொண்டை அடைப்பது மட்டும் அப்படியே இருக்கிறது. கெல்ட்னரின் குழு 26 நாடுகளில் வியப்பூட்டிய அனுபவங்களைக் கேட்டுத் தொகுத்தபோது, மலையும் கடலும் கோயிலும் முதலிடம் பெறவில்லை. பிறருடைய துணிச்சல், தியாகம், நல்லமனம், இவைதான் அதிகம் பேரைச் சிலிர்க்க வைத்திருந்தன. வெண்மணிக்குப் போய்வந்தவர்களுக்கு இதைச் சொல்ல ஆய்வு தேவைப்படாது.

பெருமையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் சிறுமை கோபித்துக்கொள்ளும். குளிர்காலத்தில் கோடியக்கரைக்குப் போகிறவர்கள் பூநாரைக் கூட்டத்தைப் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். சேற்றில் குடுகுடுவென்று ஓடும் கொசு உள்ளானை யாரும் கவனிப்பதில்லை. கைப்பிடிக்குள் அடங்கும், எடை 30 கிராம் வாக்கில் இருக்கும். வட துருவத்தை ஒட்டிய சைபீரியச் சமவெளியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, சூரியனையும் நட்சத்திரங்களையும் பூமியின் காந்தப்புலத்தையும் வழியடையாளமாக வைத்து வேதாரண்யம் சேற்றுக்கு வருகிறது. எப்படி வருகிறது என்று விளக்க விளக்க அது சின்னதாகிப் போவதில்லை.

கடைசியாக ஒரு கேள்வி வரும், அதைப் பக்தர்கள் நல்லெண்ணத்தோடுதான் கேட்பார்கள்: "சரிப்பா, இத்தனையும் பாத்து மனசு நெறஞ்சுபோச்சு. யாருக்கு நன்றி சொல்லுவே?"

பெரிய கோயில் வரை இதற்குப் பதில் சுலபம். "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லில் வெட்டச் சொன்னான் ராஜராஜன். அதன்படி கோயிலில் ஆடிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள், அவர்கள் குடியிருந்த வீட்டு வரிசை, விளக்கு நெய்க்கு ஆடு ஏற்றுக்கொண்ட இடையர்கள் என்று அடிச்சுவரைச் சுற்றிலும் பெயர்கள் கிடக்கின்றன. கல்லணையைப் பார்த்த ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் பழுத்த கிறிஸ்தவர். ஆழம் காண முடியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையை இவர்களிடமிருந்துதான் கற்றோம் என்று, பெயர் தெரியாத பழைய தமிழ்க் கட்டுமானக்காரர்களுக்கே நன்றி எழுதினார். நன்றி மனிதருக்குச் சேருவதில் அவருடைய விசுவாசம் குறுக்கே வரவில்லை.

குடகு மலையில் பெய்யும் மழைக்கு யாருக்கு நன்றி? இங்கே நாத்திகரிடம் முகவரி இல்லை. முகவரி இல்லாத நன்றியை வைத்துக்கொண்டிருப்பது கொஞ்சம் சங்கடமான நிலைதான், அதைக் குறை என்று பக்தர் சொன்னால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆனால் மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து மதகு திறக்கும்போது, மேலே நின்று பூவும் நெல்லும் தூவுகிறவர்களைப் பாருங்கள். திருநீறு பூசிய விவசாயியும் இருப்பார், கறுப்புக்கரை, சிவப்புக்கரை வேட்டிக்காரர்களும் இருப்பார்கள். யாருக்குத் தூவுகிறீர்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். இந்த வருடமாவது தண்ணீர் கடைமடை வரை போகுமா என்று கேளுங்கள், எல்லாரும் ஒரே மாதிரி உதட்டைப் பிதுக்குவார்கள்.